வத்தலக்குண்டுச் செருப்பும் சீமைக் கோயிலும்

1

ஒரு ஜோடி செருப்புக்காக ஒருத்தி இவ்வளவு கோபப்படுவாளா என்று என் கணவர் கேட்கிறார். கேட்கட்டும். அவர் பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நான் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொடைக்கானலிலிருந்து சபைப் பத்திரிகை தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. சீமை வாழ்க்கையைப் பற்றி அதற்கு ஏதாவது எழுதுங்கள் என்று நீங்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பனி விழுவதைப் பற்றியும், பஸ்ஸுக்கு இவர்கள் வரிசையில் நிற்கும் அழகைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதலாம்தான். ஆனால் இப்போது எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் பனியைப் பற்றி எழுத வராது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றிய பெரிய இரும்புச் சக்கரம் மட்டும் இன்னும் ஊருக்கு மேலே நிற்கிறது, சுற்றுவதில்லை. வேலை போன ஆண்கள் சுவர் ஓரமாக நின்று இருமுகிறார்கள். என் கணவர் பழனிக்காரர், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு வியாதி டாக்டர். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இந்த ஊர்க்காரர்களின் இருமலில்தான் எங்களுக்குச் சோறு. இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

ஊர் நடுவில் மேட்டின் மேல் கோயில் இருக்கிறது. சுரங்கம் தோண்டுவதற்குப் பல நூறு வருஷம் முன்பே கட்டியது. வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். கரிப்புகை பட்டுப்பட்டுக் கல்லெல்லாம் எங்கள் ஊர் இட்லிச் சட்டியின் அடியைப்போலக் கறுத்துவிட்டது. எங்கள் மகள் எஸ்தர் சிநேகிதிகளோடு அங்கே ஞாயிறு பள்ளிக்குப் போவாள். நான் ஆஸ்பத்திரியிலேயே உள்ள சின்ன ஜெப அறையோடு இருந்துவிட்டேன். கணவர் எந்தக் கோயிலுக்கும் வருகிற ஆள் இல்லை.

இந்த வருஷம் அப்பா இறந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு அந்தப் பெரிய கோயிலுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா கோயிலில் வேலை பார்த்தவர். அவரை நினைப்பதற்கு மணி அடிக்கிற கோயிலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

2

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களைத் தெரிந்தவர்களுக்கு அப்பாவையும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வெள்ளைக்காரர்கள் ஆராதனை நடத்தும் கோயிலில் கோயில்குட்டியாக இருந்தார். கோயில்குட்டி என்றால் பெருக்க வேண்டும், மணியடிக்க வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், பலகைத் தரையை மெழுகு போட்டு முகம் தெரிகிற மாதிரி தேய்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் மட்டும் உள்ளே இருக்கக் கூடாது. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. இருந்தால் நன்றாக இருக்காது, அவ்வளவுதான். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆன பிறகும் எங்கள் மலையில் அது அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அப்பாவோடு போவேன். வாசற்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். மறுநாள் சீசனுக்கு வந்த துரைகளும் துரைசானிகளும் ஏரியைச் சுற்றி நடந்த அதே பூட்ஸோடு அந்தத் தரையில் தடதடவென்று நடப்பார்கள். திங்கட்கிழமை அப்பா மறுபடி முழங்கால் போட்டுத் தேய்ப்பார்.

ஞாயிறு பள்ளியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்களுக்கு மோசேயின் கதையைச் சொன்னார். முட்செடி எரிகிறது, உள்ளேயிருந்து கர்த்தர் பேசுகிறார், நீ நிற்கிற இடம் பரிசுத்தமான இடம், பாதரட்சையைக் கழற்று என்கிறார். சொன்ன அம்மாள் காலில் கணுக்கால் வரை தோல் பூட்ஸ். நீங்கள் ஏன் கழற்றுவதில்லை என்று நான் கேட்டேன். அது உங்கள் நாட்டுப் பழக்கம், அழகான பழக்கம், அதை விட்டுவிடாதே என்று கன்னத்தைத் தட்டினார். நானும் விடவில்லை. அதனால்தான் இப்போது இந்த வம்பெல்லாம்.

ஒரு மே மாதம், அப்பா உள்ளே மெழுகு போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பங்களாவின் பட்லர் வந்து வாசலில் நின்றான். அவனும் நம்ம ஆள்தான்.

"இந்தச் செருப்ப இங்ஙன போடாதீங்க. துரைசானிக கண்ணுல படுது. பாக்க அசிங்கமாக் கெடக்கு" என்றான்.

அன்றிலிருந்து அப்பா செருப்பை வேலிச்செடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மூடுபனியிலும் மழையிலும் நனைந்து தோல் ஊறிப்போயிற்று. அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு போக ஆரம்பித்தார். ஜனவரி மாதம் கொடைக்கானலில் வெள்ளனே எழுந்து உறைபனிப் புல்லில் வெறுங்காலோடு நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சீமைப் பெட்டி வரும். அது உங்களுக்கும் நினைவிருக்கும். ஏழைப் பிள்ளைகளுக்கென்று சீமையிலிருந்து பழைய துணியும் சட்டையும் வரும். நாங்கள் வரிசையில் நின்று வாங்குவோம். எனக்கு ஒரு நீலக் கோட்டு கிடைத்தது. காலருக்கு உள்ளே டோரத்தி என்று சிவப்பு நூலில் பேர் தைத்திருந்தது. அம்மா பிரிக்கப் பார்த்தாள், துணி கிழியும் என்று விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னை டோரத்தி, டோரத்தி என்று கூப்பிட்டே கொன்றார்கள். கோட்டு என்னவோ குளிருக்கு அடக்கமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் நான் அதை மறுக்கவில்லை.

3

சீமைக்குக் கிளம்பிய அன்று அண்ணன் என்னோடு மலையிறங்கி வத்தலக்குண்டு வரை வந்தான். பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு ராவுத்தர் செருப்புக் கடை வைத்திருந்தார். அண்ணன் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனான். பெருவிரலுக்கு வளையம் வைத்த தோல் செருப்பு ஒன்றை எடுத்து, போட்டுப் பார் என்றான். ராவுத்தர் குனிந்து வாரை இழுத்துச் சரி பார்த்தார்.

"சீமைக்கா போறீங்க தாயி? தைரியமாப் போட்டுக்கங்க. அடி தேஞ்சா ஊருக்கு வாரப்ப கொண்டாங்க, புது அடி வச்சுத் தாரேன்" என்றார்.

அண்ணன் வெளியிலிருந்து, வெரசா வா, பஸ்ஸ எடுத்துருவான் என்று கத்திக்கொண்டிருந்தான்.

அந்தச் செருப்பை இங்கே நல்ல நாளுக்கு மட்டும் போடுவேன். அப்பாவின் நாள் வந்தது ஜூன் மாதத்தில். இங்கே அதற்குப் பெயர் கோடைக்காலம். வெள்ளைச் சேலை கட்டி, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினேன். எஸ்தர் சிநேகிதிகளோடு முன்னாலேயே போய்விட்டாள். நான் போய்ச் சேரும்போது மணி அடித்து ஓய்ந்திருந்தது.

கோயில் வாசலில் கல் மண்டபம் மாதிரி ஒரு சின்ன முகப்பு. அதற்குள் நீளமாக ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சின் மேலும் கீழும் வரிசையாகச் செருப்பு. ஆண்கள் பூட்ஸ், பெண்கள் ஷூ, குழந்தைகள் ஷூ என்று ஜோடி ஜோடியாக. நான் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் இந்த நாட்டில் எந்தக் கோயில் வாசலிலும் நான் ஒற்றைச் செருப்பைக்கூடப் பார்த்தது கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழைய கோயில், பழைய ஜனங்கள், இங்கேயாவது மோசேயின் கதையை முழுசாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் செருப்பையும் கழற்றி அந்த வரிசையில், ஒரு குழந்தையின் ஷூவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே எல்லார் காலிலும் செருப்பு இருந்தது.

அப்போதே நான் விஷயத்தைப் புரிந்துகொண்டு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பாட்டு ஆரம்பித்துவிட்டது, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்து, பிறகு என் காலைப் பார்த்தார்கள். இடையில் வெளியேறினால் இன்னும் கேவலம் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கல் தரை ஐஸ்கட்டியாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் சுவரோரம் சுரங்க முதலாளியின் பழைய தாத்தா ஒருவர் தன் கல்லறைமேல் சலவைக்கல் சிலையாக மல்லாந்து படுத்திருந்தார். கல்லிலும் அவர் காலில் பூட்ஸ். சுரங்கக் குழிக்குள் செத்தவர்களின் பெயர்ப் பலகை கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்து வைத்தால் அது மறைந்துவிடும்.

பாதிரியார் அறிவிப்பு வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. தென்னிந்திய மலைப்பகுதி ஏழைகளுக்காகச் சேர்த்த காலணிகள் நாளைக்கு அனுப்பப்படுகின்றன, பிரசங்க நேரத்தில் ஞாயிறு பள்ளிச் சிறுமிகள் அவற்றைப் பெட்டியில் அடுக்குவார்கள் என்றார். சபை முழுவதும் மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு கனிவாகப் பார்த்தார்கள் தெரியுமா? எனக்கு அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை. அப்பாவுக்காக ஜெபிக்க வந்தவள், பிரசங்கம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு என் செருப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எஸ்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் கைக்குழந்தையாகப் பார்த்தவர்கள் இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் எஸ்ஸி. தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் இங்கிலீஷில்தான் வரும். பஸ்ஸில் தமிழில் பேசாதீர்கள் அம்மா என்பாள். தெருவில் என்னோடு நடக்க மாட்டாள், நாலு எட்டு முன்னால் போவாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதே ஆரம்பித்தது இது. என் பாஸ்போர்ட்டில் ஜி. ரூத் என்று இருக்கிறது. ஜி என்றால் என்ன என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டார். ஞானமுத்து, என் அப்பா என்றேன். அப்படியானால் நீங்கள் மிஸஸ் ஞானமுத்துவா என்றார். இல்லை, என் கணவர் செல்வராஜ் என்றேன். செல்வராஜ் உங்கள் குடும்பப் பெயரா என்றார். இல்லை, அவருடைய சொந்தப் பெயர் என்றேன். அந்த மனிதர் பேனாவை மூடிவைத்துவிட்டு, எஸ்தரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, இந்தக் குழந்தை உங்களுடையதுதானா என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு முன்னால் கேட்டார். கணவர் மறுநாள் போய்ச் சொன்ன பிறகுதான் நான் அவளுக்குத் தாயானேன்.

அதனால் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எனக்குச் செருப்பைவிட அவளை நினைத்துத்தான் பயமாக இருந்தது. பெட்டியில் அடுக்குகிற சிறுமிகளில் அவளும் ஒருத்தி.

5

முகப்பில் பெஞ்சு காலியாக இருந்தது. பெரிய தேயிலைப் பெட்டி ஒன்றின் மூடியில் ஒரு கிழவர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என் கணவரின் நோயாளிதான், ஒவ்வொரு அடிக்கும் ஒரு இருமல். சிறுமிகள் சுவரோரம் நின்று என் காலைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். எஸ்தர் அவர்களுக்கு நடுவில் முகம் சிவந்து நின்றாள்.

பாதிரியாரின் மனைவி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு தாராளத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, காலில் கிடந்ததையே கழற்றிக் கொடுத்துவிட்டீர்களே என்றார். நான் பதறிப்போய், இல்லை இல்லை, நான் அங்கே போட்டேன், அவ்வளவுதான் என்று இங்கிலீஷில் சொன்னேன். ஆமாம், நீங்கள்தான் போட்டீர்கள், எஸ்ஸி சொன்னாளே என்று அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இந்த இடத்தில் என் இங்கிலீஷ் என்னைக் கைவிட்டது. நமக்குப் போடுவது என்றால் எத்தனை இருக்கிறது? செருப்பைக் காலில் போடுகிறோம். வாசலில் கழற்றிப் போடுகிறோம். தட்டில் காணிக்கை போடுகிறோம். ஏழைக்குச் சோறு போடுகிறோம். கேட்கிறவனுக்கு எது எது என்று தெரியும். நான் கழற்றித்தான் போட்டேன், காணிக்கையாகப் போடவில்லை என்பதை ‘புட்’ என்கிற அந்த ஒற்றை இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மூன்று தடவை போட்டேன் போட்டேன் என்றேன். மூன்று தடவையும் அந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னார்.

சரி, பேசிப் பயனில்லை, ஆணியைப் பிடுங்கச் சொல்வோம் என்று கிழவர் பக்கம் திரும்பினேன். என் செருப்பு, ராவுத்தர் வார் பிடித்துப் பார்த்த செருப்பு, அண்ணன் வாங்கிக் கொடுத்த செருப்பு. அதைக் கப்பலேற்றி மறுபடி மலைமேல் கொண்டுபோய், ஏதோ ஒரு வரிசையில் நிற்கிற பிள்ளைக்குச் சீமைத் தருமம் என்று கொடுக்கப் போகிறார்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

எஸ்தர் ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்தாள். எல்லாருக்கும் முன்னால், சத்தமாக, தமிழில் பேசினாள்.

"அம்மா, திருப்பிக் கேக்காதீங்க. நீங்க குடுத்ததுன்னு நாந்தான் சொன்னேன். இந்தப் பெட்டி உங்கம்மா மாதிரி ஆளுகளுக்குத்தான்னு அவளுக சிரிச்சாளுக. இல்ல, எங்கம்மா வாங்கற ஆள் இல்ல, குடுக்கற ஆளுன்னு சொல்லிட்டேன்."

அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. கிழவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாதிரியாரின் மனைவி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். அந்தப் பெட்டியைத் திறந்தால் என் செருப்பு கிடைக்கும். என் மகள் பொய்க்காரி ஆவாள், நான் அந்தச் சிறுமிகள் சொன்ன ஆளாகவே ஆவேன். திறக்காவிட்டால் இவர்களுடைய தருமக் கணக்கில் என் வீட்டுச் செருப்பு சேரும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி என்னை நிற்க வைத்தார்களே, அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

"ஆமாம், நான் கொடுத்ததுதான்" என்று பாதிரியாரின் மனைவியிடம் சொன்னேன்.

வெறுங்காலோடு போகாதீர்கள் என்று அவர் எங்கிருந்தோ ஒரு பழைய ரப்பர் ஷூவைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் நல்ல பெண்மணி, அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

மேட்டிலிருந்து எங்கள் வீடு வரை தெருவெல்லாம் சுரங்கத்துக் கரிக்கட்டித் தூள். காலில் குத்திக்கொண்டே இருந்தது. எஸ்தர் முன்னால் போகவில்லை, பக்கத்திலேயே வந்தாள். கோபமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் மேலயா என்றாள். உன் மேல் இல்லை என்றேன். பின்னே யார் மேல் என்று கேட்டாள். ஒருத்தர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ யோசித்தேன். பட்லர் முதல் பாதிரியார் மனைவி வரை எல்லார் முகமும் வந்தது, சொல்வதற்கு ஒரு பெயர் வரவில்லை.

6

வீட்டில் கணவர் என் காலிலிருந்து கரித்துண்டுகளை இடுக்கியால் எடுத்தார். எடுத்துக்கொண்டே சிரித்தார். வேறு செருப்பு வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கோயிலுக்கு இனிமேல் போகாமல் இருந்துவிடு என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. போகாமல் இருந்தால் நான் தோற்றுப்போனதாக ஆகும் என்றேன். யாரிடம் என்று அவரும் கேட்டார். அப்பனும் மகளும் ஒரே கேள்வியைக் கேட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

அந்த வாரம் முழுவதும் பாத்திரம் எல்லாம் என் கையில் அடி வாங்கின. எஸ்தருக்கு நான் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும் அவள், நீங்கள் ஏன் கழற்றுகிறீர்கள், அவர்கள் ஏன் கழற்றுவதில்லை என்று கேட்டாள். நானும் சின்ன வயதில் ஒரு அம்மாளிடம் அதைத்தான் கேட்டேன், அந்த அம்மாள் ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்றேன். உங்களுக்குத் தெரியுமா என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் தாத்தா தேய்த்த தரையில் செருப்போடு நடக்க எனக்குக் கால் வராது, எந்தக் கோயில் தரையும் யாரோ ஒருத்தர் முழங்கால் போட்டுத் தேய்த்ததுதான் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் கறுப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எஸ்தர் சிநேகிதிகளுக்காகக் காத்திருக்காமல் என்னோடு வந்தாள். முகப்பில் பெஞ்சு வெறுமையாக இருந்தது, வேறு யாருடைய செருப்பும் இல்லை. நான் ஷூவைக் கழற்றி, நடுவாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் இல்லை, முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். போன வாரம் விட்டுப்போன ஜெபத்தை அப்பாவுக்காக நிறுத்தி நிதானமாகச் செய்தேன். அந்த நேரத்திலும் கோபமாகத்தான் இருந்தேன்.

பிரசங்க நேரத்தில் சிறுமிகள் எல்லாரும் ஞாயிறு பள்ளிக்கு எழுந்து போனார்கள். எஸ்தரும் போனாள் என்றுதான் நினைத்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அவள் முகப்பில் நின்றுகொண்டிருந்தாள். என் ஷூவுக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புருவம் இரண்டும் முடிச்சுப் போட்டிருந்தது. கண்ணாடியில் நான் பார்க்கிற அதே சிடுமூஞ்சி. சிநேகிதிகள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரின் மனைவி அவள் பக்கம் குனிந்து, இதுவும் அம்மா நமக்குப் போட்டதா, கண்ணே என்று இங்கிலீஷில் அன்பாகக் கேட்டார்.

எஸ்தர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொன்னாள்.

"எங்கம்மா கழட்டி வச்சிருக்காங்க. வந்து போட்டுக்குவாங்க."

பாதிரியாரின் மனைவி ஒன்றும் விளங்காமல், குழந்தை என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டேன்.